கண் தத்திய அம்பயர்

ஆவடி குவார்ட்டர்ஸ் விசில்காரரைப் போல ஒரு மோசமான பூப்பந்து அம்பயர் உலகத்திலேயே பிறந்ததில்லை. கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்த என் பந்தை ‘அவுட்’ என்று ஊதியவர். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அண்ணாத்தே, நல்லாப் பாத்தியா?” என்று கத்தினேன்.

“நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? ஃபேக்டரி சங்கு ஊதிச்சே, கேக்கல? அவுட்டுன்னு எனக்குத்தான் சொல்லிகினு கீது!”

ஆயிரம் பேரை வேலைக்குக் கூப்பிடும் சங்கு, தனக்கு மட்டும் சேதி சொல்வதாக மனுஷர் நம்பினார். மற்றபடி பகலெல்லாம் லேத்தில் ஒழுங்காக வேலை பார்த்தவர். சாயங்காலம் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டினால்தான் அவருக்கு உயிரே வரும்.

எண்பதுகளின் கடைசியில், மனச்சிதைவு நோயை ஆராய்கிற டாக்டரம்மா ஒருவர், நோயில்லாதவர்களின் கண்ணையும் சோதித்துப் பார்க்கவென்று பெட்டியும் ஒயருமாக எங்கள் பூப்பந்து கிளப்புக்கு வந்தார். கண்ணோரம் ஒயரை ஒட்டி, திரையில் நகரும் வெளிச்சப் புள்ளியைப் பார்வையாலேயே தொடரச் சொன்னார். எங்களுக்கெல்லாம் காகிதத்தில் கோடு வழவழவென்று வந்தது. விசில்காரருக்குப் படிக்கட்டு மாதிரி வந்தது. கண் தத்தித் தத்திப் போகிறதாம்.

எட்டிப் பார்த்த கிளப் செக்ரட்டரி, “பைத்தியமா மேடம்?” என்றார்.

டாக்டரம்மா சீறினார். “யார் சொன்னது? நல்லா இருக்கிறவங்களுக்கும் கண் தத்தும். விசித்திரமான நம்பிக்கை உள்ளவங்ககிட்ட அது கொஞ்சம் கூடுதலா இருக்கான்னுதான் பாக்கறோம். இத வெச்சு ஒருத்தரைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது.”

அது செக்ரட்டரியின் காதில் ஏறினால்தானே! “மெஷினே சொல்லிடுச்சு” என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரப்பினார். மறுநாளே விசிலைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அட அயோக்கியா! தப்புத் தப்பாக ஊதுகிறார் என்று தூக்கியிருந்தால் நானே உனக்கு மாலை போட்டிருப்பேன். கண் புள்ளியோடு ஓடவில்லை என்றா ஒரு மனுஷனைத் தூக்குவாய்? எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

விசில்காரர் சண்டை போடவில்லை. மைதானத்துக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு பந்துக்கும் வெறும் வாயால் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கோப்பை ஆட்டம். இரண்டு டீமும் சமமாக நிற்க, கடைசிப் பாயிண்ட். நான் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. செக்ரட்டரி சரியாகத்தான் ஊதினார். எங்கள் டீம் குதித்தது.

நான் சைக்கிள் பக்கம் திரும்பினேன். “அண்ணாத்தே, நீ சொல்லு.”

விசில்காரர் திகைத்துப் போனார். சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டினார். பிறகு நிமிர்ந்து, பழைய மிடுக்கோடு கையை நீட்டினார்.

“அவுட்டு!”

பாயிண்டை எதிர் டீமுக்கு விட்டுக் கொடுத்தேன். கோப்பை போனது. டீம்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டட்டும். எங்கள் அம்பயர் சொல்லிவிட்டார்.