மீட்டர்காரர் கொண்டுபோன சீஸ் டிப்

அன்பு மருமகளுக்கு உன் மாமனார் எழுதும் கடிதம்.

இங்கே நான், வலது முழங்காலும் இடது கை ஆள்காட்டி விரலும் நீங்கலாக, நலமாக இருக்கிறேன். அங்கே நீயும், உன் வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளும், உன் வீட்டுக்காரனும் (அவன் என் மகனும்தான் என்பது அவ்வப்போது நினைவுக்கு வருகிறது) அதே அளவுக்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் "மாத்திரை போட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிடுகிறாய், நான் சொல்ல வந்தது அத்தோடு போய்விடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. மாத்திரை போட்டுவிட்டேன்.

விஷயம் நீ செய்யச் சொல்லி வீடியோ அனுப்பிய சீஸ் டிப்பைப் பற்றியது.

போன மாதம் உன் வீட்டுக்காரன், "எங்களோட வந்து இருங்கப்பா, அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டபோது, "யாரு இல்ல? இங்க ஆயிரத்து நூத்தி நாப்பது வீடு எனக்குத் தெரியும்டா" என்று சொன்னேன் அல்லவா, அது பொய் இல்லை. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். எந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர், எந்த வீட்டில் குளியலறைக்குப் பின்னால், எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யூனிட்டைப் பார்த்தாலே வீட்டுச் சங்கதி தெரிந்துவிடும். திடீரென்று ஏறினால் விருந்தாளி வந்திருக்கிறார்கள் அல்லது குழந்தை பிறந்திருக்கிறது. திடீரென்று பாதியானால் யாரோ போய்விட்டார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆனாலும் அதெல்லாம் மறக்குமா? இதைக் கேட்டுவிட்டு நீதான் உள்ளே புகுந்து, "அப்போ வருஷக் கடைசி ஞாயித்துக்கிழமை உங்க தெருக்காரங்க கூடுறாங்கல்ல, அதுக்குப் போங்க மாமா, கையில ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போங்க, நான் ஒரு வீடியோ அனுப்பறேன், ரொம்ப ஈஸி" என்றாய்.

அந்த வீடியோவில் வரும் பெண் நாற்பத்திரண்டு வினாடியில் வேலையை முடித்து, "அவ்ளோதான்!" என்று கையைத் தட்டுகிறாள். எனக்கு ஒன்றரை நாள் ஆனது. கடைக்குப் போய் சீஸ் கேட்டால் கடைக்காரர், "கட்டியா, ஸ்லைஸா, தடவறதா?" என்கிறார். "டிப்புக்கு" என்றேன். "டிப்புன்னா?" என்றார். எனக்கே தெரியாததை நான் எப்படி விளக்குவது? "தொட்டுக்கறதுங்க" என்றேன். "எதைத் தொட்டுக்குவீங்க?" என்றார். வம்பே வேண்டாம் என்று மூன்றிலும் வாங்கிக்கொண்டு வந்தேன். தடவும் சீஸும் கெட்டித் தயிரும் சம அளவு போட்டு, கட்டி சீஸைத் துருவிச் சேர்க்க வேண்டுமாம். துருவியை உன் அத்தை எங்கே வைத்தாள் என்று யாரைக் கேட்பது? மூன்று வருஷமாக எனக்குத் துருவி தேவைப்படவில்லை. மேல் அலமாரி, கீழ் அலமாரி, அரிசி டின்னுக்குப் பின்னால் என்று ஒரு காலை முழுக்கத் தேடி, கடைசியில் வாணலிக்குள் வாணலியாக அடுக்கியதில் அடியில் இருந்தது. அதன் ஓட்டைகளில் காய்ந்துபோன கேரட் இழை இரண்டு ஒட்டியிருந்தது. அவசரத்தில் சரியாகக் கழுவாமல் வைத்திருக்கிறாள். எனக்கும் கழுவ மனம் வரவில்லை, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன். சீஸைக் கத்தியால் நறுக்கினேன். விரல் சமாச்சாரம் அதுதான், ஆழமில்லை, பயப்படாதே.

"சிறு தீயில" என்று அந்தப் பெண் சொன்னது, பதினேழாவது தடவை பார்க்கும்போதுதான் காதில் விழுந்தது. அதற்குள் சீஸெல்லாம் ஒன்றாகத் திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டது, கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வருகிறது. பால் ஊற்றினேன். பால் ஒரு பக்கம், சீஸ் ஒரு பக்கம், நம் வீட்டு அப்பனும் மகனும் மாதிரி ஒரே பாத்திரத்தில் பேசாமல் கிடந்தன. தயிர் சேர்த்தேன், நீர்த்துப்போனது. கடைக்கு ஓடினேன், இன்னொரு கட்டி சீஸ், இறுகிப்போனது. மறுபடி பால். இப்படியே சின்னப் பாத்திரம் நடுப்பாத்திரமாகி, நடுப்பாத்திரம் பெரிய பாத்திரமாகி, பூண்டு, மிளகு, மிளகாய்த் தூள் எல்லாம் எத்தனை தடவை போட்டேன் என்ற கணக்கே விட்டுப்போனது. ருசி பார்த்தேன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்க ஆள் இல்லாததால், நன்றாக இருப்பதாக நானே முடிவு செய்தேன். தொட்டுக்கொள்ள கேரட்டும் வெள்ளரிக்காயும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே நீளத்தில் நறுக்கி, ரொட்டியை வாட்டி விரல் விரலாக வெட்டி, இரண்டு பெரிய தட்டில் அடுக்கினேன். ஆனால் கிண்ணத்தைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. தட்டுகளை மேஜை மேலேயே விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இருப்பதில் நல்லது ஆபீஸ் சட்டைதான், அந்த இளநீலம்.

சாயங்காலம் நாலு மணி. கூட்டம் பதினெட்டாம் நம்பர் வீட்டில். உள்ளே பேச்சும் சிரிப்பும் வாசல் வரை கேட்டது. முழங்கையால் மணியை அழுத்தினேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். தச்சுப் பட்டறை வைத்திருப்பவர், இருபது வருஷப் பழக்கம். என்னைப் பார்த்ததும், "அட, மீட்டர் அண்ணா! லீவு நாள்ல கூடவா விடமாட்டேங்கிறாங்க? போங்க போங்க, பின்னாடிதான், உங்களுக்குத் தெரியாததா" என்று பக்கவாட்டுச் சந்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் கூட்டத்துக்கு வந்திருக்கேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதற்குள் கால் தானாகச் சந்துக்குள் திரும்பிவிட்டது. கையில் ஒரு கிண்ணம் நிறைய சீஸ் டிப். அது என்ன என்று அவர் கேட்கவும் இல்லை. மீட்டர் பார்க்க வருகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த வீட்டு நாய்க்கும் வயதாகிவிட்டது, படுத்த இடத்தில் இருந்தே என்னைப் பார்த்துக் குரைத்தது. ஒரு ஜீவனாவது அடையாளம் கண்டுகொண்டதே என்று ஆறுதலாக இருந்தது. மீட்டருக்கு முன்னால் போய் நின்றேன். இப்போதெல்லாம் அது தானே ஆபீசுக்குக் கணக்கு அனுப்பிவிடுகிறது, ஆள் தேவையில்லை. இருந்தாலும் நின்றது நின்றாயிற்று என்று குனிந்து பார்த்துப் படித்தேன். படித்துவிட்டு எப்போதும் போல அதே சந்து வழியாக வெளியே வந்து, கேட்டைச் சாத்தி, தெருவில் நின்ற பிறகுதான் நான் எதற்கு வந்தேன் என்பதே நினைவுக்கு வந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா கையில் மூடி போட்ட கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நம் தெருவுக்குப் புதுசு, பல்செட் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"உள்ள போயிட்டா வர்றீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எப்படி இருக்கு உள்ள?"

"ஏழாயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்றேன்.

"அவ்வளவு பேரா வந்திருக்காங்க?" என்று அந்த அம்மா ஓரடி பின்னால் போய்விட்டார்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கிண்ணம் கீழே விழப் பார்த்தது, நான் பிடித்தேன். "நானும் கால் மணி நேரமா இங்கதான் நிக்கிறேன். ஒருத்தரையும் தெரியாது. வாங்க, சேர்ந்து போயிடலாம்" என்றார். மறுபடி மணி அடித்தோம். தச்சர் வந்து, "என்ன அண்ணா, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "அவரு பார்ட்டிக்கு வந்திருக்காருங்க" என்று சொன்னார். பாவம், தச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் எனக்கு மூன்று நாற்காலி போட்டார்.

உள்ளே மேஜையைப் பார்த்தால், ஒன்பது கிண்ணம் வரிசையாக இருக்கிறது. எங்களுடையதோடு பதினொன்று. பதினொன்றும் சீஸ் டிப். எல்லோருக்கும் யாரோ அதே வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள், எல்லோரிடமும் ரொம்ப ஈஸி என்று சொல்லியிருக்கிறார்கள். தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட், அதையும் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். பதினோரு கிண்ணத்தையும் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருவர் ஸ்பூனை எடுத்தார், அவர் மனைவி பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டார்.

"எங்கிட்ட இருக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பல்செட் அம்மாதான், "அவர்கிட்ட இருக்காம்!" என்று உரக்கச் சொன்னார். மொத்த அறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு ஓடினேன். முழங்கால் விஷயம் அதுதான், திரும்பி வரும்போது படியில் லேசாக இடித்துக்கொண்டேன். இரண்டு தட்டும் அரை மணி நேரத்தில் காலி. "எவ்வளவு அழகா ஒரே அளவுல வெட்டியிருக்கீங்க மீட்டர் அண்ணா" என்று நாலு பேர் சொன்னார்கள். டிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் கிண்ணத்தில் ஒரு கேரட் குத்தியது குத்தியபடி நின்றுகொண்டிருந்தது, யாரோ இழுத்துப் பார்த்து வராமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போதுதான் இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல பெண், என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எங்க இருக்கீங்க, ரொம்ப தூரமா?" என்று கேட்டாள்.

"இதே தெருதாம்மா. கடைசி வீடு. இருபத்தாறு வருஷமா."

"அந்த வீடா? அங்க லைட்டே எரியறதில்லையே. பூட்டிக் கிடக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தப்பில்லை அம்மா. சமையலறையும் பின் அறையும் போதும் எனக்கு, முன் அறை விளக்கு எதற்கு? என் வீட்டு யூனிட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது எனக்கே தெரியும். அடுத்தவர் வீட்டில் அந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று, கொஞ்சம் தண்ணீர் கேட்பது போலப் பேச்சுக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். என் வீட்டு மீட்டரை நான் மட்டும்தான் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கிளம்பும் நேரத்தில் இன்னொரு கூத்து. மிஞ்சிய டிப்பை யாரும் திரும்ப எடுத்துப்போக விரும்பவில்லை. "தனியா இருக்கீங்க, வச்சுக்குங்க அண்ணா, ஒரு வேளை சமையல் மிச்சம்" என்று ஆளுக்கு ஒரு கிண்ணமாக என் தலையில் கட்டினார்கள். ஒரு கிண்ணத்தோடு போனவன் எட்டுக் கிண்ணத்தோடு வந்தேன். தச்சர்தான் மரப்பலகையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்றோடு நாலு நாள், மூன்று வேளையும் சீஸ் டிப்தான். தோசைக் கரண்டியால் எடுத்து வெறும் வாயில் தின்கிறேன். நீ சொன்னது போல ரொம்ப ஈஸிதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், செய்வது இல்லை, தின்பது.

ஆகவே மருமகளே, இதை உன் வீட்டுக்காரனிடம் முழுசாகப் படித்துக்காட்டு. எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டானே, ஏழு வீட்டுக் கிண்ணம் என் வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க ஏழு வீட்டுக்குப் போக வேண்டும். போனால் உட்காரச் சொல்வார்கள், பேச்சு வரும், நேரம் போவதே தெரியாது. நான் அங்கே வருவதாக இல்லை. எனக்காக நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் அந்த அறைப் பேச்சு இத்தோடு முடிந்தது. அதில் அவன் தாராளமாக உடற்பயிற்சி சைக்கிளைப் போட்டுக்கொள்ளட்டும்.

ராத்திரி ட்யூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கால்வலி தீர வேண்டும், அந்த வார்டு மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நல்ல புத்தி வர வேண்டும். அவனுக்கும் என் ஆசிகள், கேட்டால் மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் மாமனார்

பின்குறிப்பு: இதை எழுதி மூன்று நாளாகத் தபாலில் போடவில்லை. கிண்ணங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு வீட்டுக்குமாகச் சேர்த்து இருபது நிமிஷம் ஆனது. எல்லோரும் நல்லவர்கள். சிரித்த முகமாக வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பல்செட் அம்மா வேலைக்குப் போயிருந்தார், கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். ஆகவே மேலே எழுதியதை அவனிடம் படித்துக்காட்டாதே. அப்பா கூட்டத்துக்குப் போனார், டிப் நன்றாக இருந்ததாம், தீர்ந்துவிட்டதாம் என்று மட்டும் சொல். சைக்கிளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், நீயாகவே போன் செய்து, வந்து இருங்கள் மாமா என்று கூப்பிடு. வேண்டாம் என்பேன். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு அதோடு வைத்துவிடாதே அம்மா.