நன்னடத்தைச் சான்றும் ஒட்டடைக் குச்சியும்

பெருமழை ஓய்ந்து கூதிர்க் குளிர் தொடங்கும் பருவம் அது. பெய்து களைத்த வானம் சாம்பல் நிறப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இலைநுனியில் தங்கிய நீர்த்துளி, விழலாமா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்துப் பின்னரே விழுந்தது. பிரிந்திருப்போர் நெஞ்சை வாட்டும் பொழுதென்று பழம்புலவர் வகுத்ததும் இதைத்தான். உலகமே மௌன நோன்பு பூண்டிருந்த அத்தகைய ஒரு மாலையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில், பூகோள வாத்தியார் ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்று அலறினார்:

"என் பேர்ப்பலகை எங்கே?"

சக ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் அட்லஸ். எந்தக் கண்டத்து ஆற்றையும் அதன் துணையாறுகளோடு ஒப்பிப்பார். தாம் மட்டும் கடல் கடந்ததில்லை. இப்போது கடந்தாக வேண்டும். அயல்நாட்டில் வாழும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளிருக்கும் ஊரிலேயே ஒரு பள்ளி, பூகோளம் கற்பிக்க அவரை ஏற்றிருந்தது. பிள்ளைகளோடு பழகப்போகிறவர்மீது குற்றவழக்கு ஏதுமில்லை என்று காவல்துறை தரும் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி. இந்த வாரத்துக்குள் அது போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு.

"ஒண்ணுமில்ல சார்," என்றிருந்தார், விண்ணப்பத்தை வாங்கிய காவல்நிலையத்து ரைட்டர். "கான்ஸ்டபிள் வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பார். நல்லவர்னு நாலு பேர் சொன்னாப் போதும்."

சொல்லாமல் போனால்? அந்த ஐயம் வாத்தியாரின் உறக்கத்தைத் தின்றது. வீடு வீடாக ஏறி இறங்கினார். வேலை உறுதியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது மனைவியின் ஆணை. ஆகவே காரணத்தை விழுங்கிவிட்டு, "போலீஸ் வந்து கேட்டா என்னைப்பத்தி நல்லபடியாச் சொல்லுங்க," என்று மட்டும் தணிந்த குரலில் வேண்டிக்கொண்டார்.

மேல்தளத்து நர்ஸம்மாவிடம் மட்டும் போகவில்லை. ஓய்வுபெற்ற செவிலியான அவ்வம்மையார், காலையும் மாலையும் வெண்கலக் குரலெடுத்துப் பதிகம் பாடுவார். கீழே விடைத்தாள் திருத்தும் வாத்தியார், ஒட்டடைக் குச்சியால் கூரையை இடிப்பார். பல்லாண்டுகளாக இருவருக்கும் இடையே நடந்த ஒரே உரையாடல் அதுதான்.

இப்போது அலறல் கேட்டுத் தரைதளத்து டெய்லர் ஓடிவந்தார். "சத்தம் போடாதீங்க சார்! பேர்ப்பலகையை நான்தான் கழட்டி, தையல் மெஷினுக்கு அடியில பத்திரமா வெச்சிருக்கேன். போலீஸ் வந்துச்சு. அப்படி ஒருத்தர் இந்தக் கட்டடத்துலயே இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டோம்!"

"என்னது!"

எதிர்வீட்டு அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பசங்களுக்குக் காசு வாங்காமப் பாடம் சொல்லிக்கொடுத்தவரு நீங்க. உங்களைக் காட்டிக்கொடுப்போமாண்ணே? என்ன செஞ்சீங்கன்னு நாங்க கேக்கவே மாட்டோம்."

"நான் ஒண்ணும் செய்யலம்மா!"

"இதான் சரி," என்று டெய்லர் தலையாட்டினார். "எங்க கேட்டாலும் இதையே மாத்தாமச் சொல்லுங்க."

மனைவி கதவிடுக்கில் நின்றபடி, "கண்ணு படக் கூடாதுன்னு பார்த்தேன். இப்ப ஆளே கண்ணுல படாமப் போயிட்டாரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் உண்மையெல்லாம் சொல்லி, அண்டை அயலாரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வாத்தியார் காவல்நிலையம் சென்றார். இன்ஸ்பெக்டரம்மா அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து இல்லாத மனுஷன் இன்னிக்கு எங்கேருந்து முளைச்சாரு?"

நிலைமையைச் சீர்செய்ய டெய்லர் முன்வந்தார். "நேத்து உள்ள இருந்தாரு மேடம். இன்னிக்குத்தான் வெளிய வந்தாரு."

"எந்த உள்ள?"

"பள்ளிக்கூடத்துக்கு உள்ள மேடம்!" என்று வாத்தியார் பாய்ந்தார்.

"போதும்!" என்று மேசையைத் தட்டினார் இன்ஸ்பெக்டரம்மா. "போலீஸ்கிட்ட பொய் சொன்னவங்க சாட்சி எனக்கு வேணாம். நாளைக்குச் சாயங்காலம் கான்ஸ்டபிள் மறுபடி வருவார். நேத்து அவர் விசாரிக்காத வீடு ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்!" என்றார் டெய்லர் பெருமிதத்தோடு. "மேல்வீட்டு நர்ஸம்மா. நேத்து அவங்க வீட்ல இல்ல."

வாத்தியார் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் மகள் தெரிந்தாள், கடலும் தெரிந்தது. கடல் வழக்கத்தைவிட அகலமாக இருந்தது.

மறுநாள் மாலை. கான்ஸ்டபிளின் காலணியோசை படியேறி வாத்தியாரின் வாசலைக் கடந்து மேலே சென்றது. வாத்தியார் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மேலே பேச்சரவம், பின் அமைதி. திடீரென்று, வெண்கலக் குரலில் பதிகம் எழுந்தது.

பழகிய கை மூளையைக் கேட்கவில்லை. ஒட்டடைக் குச்சியை எடுத்தது. கூரையை மடார் மடாரென்று இடித்தது.

"ஐயையோ!" மனைவி குச்சியைப் பிடுங்கினாள். "இப்பவாங்க தட்டுவாங்க? போலீஸ் மேலதானே இருக்கு!"

வாத்தியார் நாற்காலியில் சரிந்தார். மகளுக்குத் தொலைபேசியில் என்ன சொல்வதென்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நர்ஸம்மா.

"விசாரணை முடிஞ்சுது சார்," என்றார் கான்ஸ்டபிள். "கீழ ஆள் இருக்கார்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டேன். இந்தாங்க கேளுங்கன்னு இவங்க பாடினாங்க. பதில் கீழேருந்து கணீர்னு வந்துச்சு."

"நடத்தை பத்தி..." என்று வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தங்கமான மனுஷன்னு சொன்னாங்க. அப்படியே எழுதிட்டேன். நாளைக்கு வந்து சர்ட்டிபிகேட்டை வாங்கிக்குங்க."

அவர் படியிறங்கியதும், வாத்தியார் கைகூப்பித் தடுமாறினார். "நர்ஸம்மா... நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு, நீங்க போய் இப்படி..."

"என்ன வாத்தியாரே, நன்றியெல்லாம் நான்தான் சொல்லணும்," என்றார் நர்ஸம்மா. "வீட்டுக்காரர் போனப்பறம் பாட்டையே விட்டுடலாம்னு இருந்தேன். இத்தனை வருஷமா ஒரு வேளை தவறாம எனக்குக் கீழேருந்து தாளம் போட்டது நீங்க ஒருத்தர்தானே!"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். மனைவி குச்சியைப் பார்த்தாள். பிறகு, தான் பிடுங்கிய அக்குச்சியைப் பணிவோடு அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

புறப்படும் நாளின் விடியலில் பெட்டிகள் கட்டிமுடிந்து வாசலில் இருந்தன. கழற்றிய இடத்திலேயே பேர்ப்பலகையைத் திருகி மாட்டிவிட்டு டெய்லர் போயிருந்தார். திரும்பி வரும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது கட்டடத்தின் தீர்மானம். மேலே பதிகம் தொடங்கியது. வாத்தியார் குளித்த ஈரத்தலையோடு கூரையின்கீழ் நின்றார். அதன் சொற்களை அன்றுதான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்கக் கண் நிறைந்தது. குச்சியை இரு கையாலும் ஏந்தி, நுனியில் துணி சுற்றி, ஒவ்வோர் அடியின் முடிவிலும் பூ வைப்பதுபோல் மெல்லத் தொட்டார்.

பாட்டு முடிந்தது. மேல்சாளரம் திறந்தது.

"இன்னிக்குத்தான் ஒரு தட்டுகூடத் தப்பல, வாத்தியாரே! தாயும் பிள்ளையும் நல்லா இருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிட்டு, நல்லபடியா வாங்க!"