புரோ எடிஷனும் நாலே முக்கால் மணியும்

கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் ‘ஹோம்’ என்று ஒன்று, ‘புரோ’ என்று ஒன்று பிரித்து வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி ஐயா, தப்பு உம்முடையது. தொண்ணூற்றொன்பது சதவீதம் உம்முடையது. மீதி ஒரு சதவீதம் என்னுடையது. அதையும் பேசிக் குறைக்கலாம்.

நான் ஜெபசீலன். தூத்துக்குடியில் பழைய கயிறு, தார்ப்பாய், கப்பலில் கழித்த சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது. மீதியை ஹார்பர் வாசலில் அடிபட்டுப் படித்தேன். சரக்கெல்லாம் ஏலத்தில் எடுப்பதுதான். தெருவில் எவனாவது ‘ஏலே’ என்று கூப்பிட்டால்கூட என் காதில் ‘ஏலம்’ என்றுதான் விழும்.

முன்பு ஏலம் நேரில் நடக்கும். நான் ஒரு முறை முறைத்தால் பாதிப் பேர் கையை இறக்கிவிடுவார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன். எதிராளிக்கு முகம் கிடையாது, நம்பர்தான். நம்பரை எங்கே போய் முறைப்பது? போன வருஷம் செல்போனில் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நம்பர் என்கிறவன் நூறு நூறாக ஏற்றினான். அவன் ஏற்றின விதமே எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு ஏலம் முடியும். கடைசிக் கால் மணி நேரம் நான் ஆயிரம் ஆயிரமாக ஏற்றினேன். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது இருநூற்று நாற்பது லைஃப் ஜாக்கெட்.

வாங்க ஆள் இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தலையணை அதுதான். விருந்தாளி வந்தால் உட்காரப் போடுவதும் அதுதான். அந்த வீட்டில் யாரும் முங்கிப்போக வழியே இல்லை. முங்கினது நான் மட்டும்தான்.

என் வீட்டுக்காரி பிளாரன்ஸ் சாயர்புரத்தில் ஒரு காலேஜில் கணக்குப் புரொபசர். கத்தமாட்டாள். விடைத்தாளைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எத்தனை மார்க் என்று நானே தெரிந்துகொள்ளவேண்டும். அன்றைக்கு அப்படிப் பார்த்துவிட்டு, என் செல்போனில் இருந்த ஏல ஆப்பை எடுத்துவிட்டாள்.

நானும் ஒரு தீர்மானம் எடுத்தேன். கடைக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர். அங்கே நான் ராஜா. ஏழாம் நம்பரை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை.

கப்பல் ஏஜென்சி ஒன்று ஆபீசைக் காலி பண்ணியபோது பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று கிடைத்தது. பெட்டி இருந்தது, உயிர் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு லைசென்ஸ் தனியாக வாங்கவேண்டுமாம். கடைக்கு பில் போட என்று வீட்டில் சொல்லி வைத்தேன். பிளாரன்ஸ் மறுக்கவில்லை. பில் போடுவது நல்ல பழக்கம் என்றாள்.

“நானும் வாரேன்” என்றாள்.

அங்கேயே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

பாளை ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் ஜெனிலா என்றொரு பெண் இருந்தாள். “ரெண்டு எடிஷன் இருக்கு அண்ணாச்சி. ஹோம், புரோ. உங்களுக்கு ஹோமே போதும்” என்றாள்.

ஹோம் என்றால் வீடு. எட்டாவது படித்தவனுக்கும் அது தெரியும். வீடு என்று பெயர் போட்டதை வாங்கினால் பெட்டி வீட்டுக்குத்தான் போகும். வீட்டுக்குப் போனால் அது பிளாரன்ஸ் பெட்டி. புரோ என்றால் தொழில் பண்ணுகிறவனுக்கு உள்ளது. கடைக்கு வரும்.

“புரோவே குடு” என்றேன்.

அது விலை கூட என்றாள். நான் பாதிக்குக் கேட்டேன். இது மீன் இல்லை அண்ணாச்சி, கம்பெனி ரேட் என்றாள். மீன் என்றால் பொழுது சாயச் சாய விலை இறங்கும், உங்கள் சரக்கு எப்போது நாறும் என்று கேட்டேன். பழைய வெர்ஷனைக் கம்பெனியே கைவிட்டுவிட்டது, போன அக்டோபரிலேயே செத்துப்போயிற்று என்றாள். அப்படியானால் அந்தச் செத்ததைக் கால் விலைக்குக் கொடு என்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதிர் பேக்கரியில் மக்ரூன் வாங்க வந்தவர்கள், வாங்கியதை அங்கேயே தின்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பிளாரன்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

ஜெனிலா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “டீச்சர்மாருக்கு ஒரு டிஸ்கவுண்ட் இருக்கு அண்ணாச்சி. காலேஜ் ஐடி இருந்தா, ஹோமை விடக் குறைஞ்ச விலைக்குப் புரோ வந்துரும்.”

பிளாரன்ஸ் கைப்பையைத் திறந்தாள். எப்போதும் அடியில் கிடக்கிற அடையாள அட்டை அன்றைக்கு மேலாக இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. டிஸ்கவுண்ட் என்ற சொல் விழுந்துவிட்டால் என் காதில் அதற்குப் பிறகு வேறு எதுவும் விழாது.

“மிஸ் பேர்லதான் அக்கவுண்ட் வரும். பரவாயில்லையா?”

“யார் பேர்ல வந்தா என்ன? பெட்டி கடைக்கு வரணும். அவ்வளவுதான்.”

“அந்த அக்கவுண்ட்ல அண்ணாச்சியையும் குடும்பத்துல சேத்துரட்டா? அதுக்குக் காசு கிடையாது.”

காசு கிடையாது என்றால் நான் எதில் வேண்டுமானாலும் சேருவேன். “சேத்துரு” என்றேன். என்னவாகச் சேர்க்கிறாய் என்று கேட்கவில்லை. பிளாரன்ஸ் எழுந்து வந்து திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளை மேடம் என்று கூப்பிடாமல் மிஸ் என்று கூப்பிட்டதையும் நான் கவனிக்கவில்லை. மூன்று வருஷம் அவளிடம் கணக்குப் படித்த பிள்ளையாம். அந்த மிஸ்ஸை நான் மிஸ் பண்ணிவிட்டேன்.

மறுநாள் கடையில் பெட்டி ஓடியது. ஏலத்தில் நைலான் கயிறு வந்திருந்தது. ஏழாம் நம்பரும் வந்திருந்தான். நூறு நூறாக ஏற்ற ஆரம்பித்தான். நான் சட்டைக் கையை மடித்தேன். திரை அப்படியே மூடிக்கொண்டது. ‘இன்றைக்கு உன் நேரம் முடிந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேள்’ என்று எழுதியிருந்தது.

போன் போட்டேன்.

“ஏளா, பெட்டி செத்துப்போச்சு.”

“சாகல. மணி நாலே முக்கால் ஆயிட்டு, அதான்.”

“ஆனா என்ன? அஞ்சு மணிக்குத்தான ஏலம் முடியும்?”

நான் சொன்னது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.

“பில் போட வாங்குதேன்னுல்லா சொன்னீய” என்றாள்.

பேச்சை மாற்றினேன். “அது கெடக்கட்டும். பெரியவங்ககிட்ட கேளுன்னு போட்டிருக்கே. அதுல எனக்கு என்ன வயசு?”

“ஒம்பது.”

“எனக்கு அம்பத்திரண்டு.”

“காலையில நிதானமா ஒரு விலைய யோசிச்சுப் போட்டுட்டு வேலையப் பாருங்க. அப்ப அம்பத்திரண்டு. கடைசிக் கால் மணி நேரம் நீங்க எங்க ஏலம் எடுக்கிய? உங்க கோபம்லா எடுக்குது. அதுக்கு ஒம்பதுதான்.”

புரோ என்றால் புரொபசர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று மாதம் ஆகிறது. காலையில் விலை போடுகிறேன். சிலது கிடைக்கிறது, சிலது போகிறது. கிடைத்ததெல்லாம் விற்றும் போகிறது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் ஏழாம் நம்பர் ஒரு கன்டெய்னர் பூட்ஸ் ஜெயித்தானாம். எல்லாம் இடது கால். அவன் ஜெயித்த அழகைக் கண்ணாரப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அப்போது மணி நாலு ஐம்பது.

ஆகவே ஐயா, பெயர் தெரியாதவரே, உமக்குத்தான் சொல்கிறேன். அந்தக் குடும்பப் பக்கத்தைத் திறந்து பாரும். இரண்டே கட்டம். ஒன்று பெற்றோர், இன்னொன்று பிள்ளை. தாலி கட்டினவனுக்கு ஒரு கட்டம் கிடையாது. ஹோமையும் புரோவையும் பிரிக்கத் தெரிந்த உமக்கு, புருஷனுக்கென்று ஒரு கட்டம் போடத் தெரியாதா? பண்ணின தப்பை நீரே சரி செய்யும். இன்றைக்கே செய்யும். பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாலே முக்கால் வரைக்கும் இருப்பேன்.