லிஃப்டை நம்பாத லிஃப்ட் மெக்கானிக்

தங்கமான பிள்ளை என்று சொல்லி உங்கள் தம்பியை என் தலையில் கட்டிவைத்த மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஏழாம் மாதம் பிறந்துவிட்டதே, துணைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் அண்ணி. நானும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியம். எனக்குக் கவலையே கிடையாது. வீட்டிலிருக்கும் கவலை மொத்தத்தையும் உங்கள் தம்பி குத்தகைக்கு எடுத்துக்கொண்டதால் எனக்கென்று மிச்சமில்லை.

போன தடவை மூன்றாம் மாதமே கைநழுவிப் போனபோது நீங்கள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பயம் அவருக்கு இருக்கத்தான் செய்யும். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அதற்காக, லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், நாலாவது மாடியில் குடியிருக்கும் பெண்டாட்டியை லிஃப்டில் ஏறாதே என்று சொன்னால் என்ன செய்வது? "அந்த லிஃப்டை நம்பாதே" என்றார். "ஏங்க, அதைப் பார்த்துக்கறது யாரு?" என்றேன். "நான்தான். அதனாலதான் சொல்றேன்" என்றார். சரி என்று படியில் இறங்கினால், படி வழுக்குமாம். ஜன்னலோரம் நின்றால் வண்டிப் புகையாம். ஜன்னலைச் சாத்தினால் காற்று போதாதாம். அப்புறம் கைபேசியை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தார். ரொட்டியில் உப்பு, பழத்தில் மருந்து, முட்டை சந்தேகக் கேஸ். ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டு, "இனிமே பயமில்லை" என்று கையைத் தட்டிக்கொண்டார். எனக்கும் பயமில்லை, பசிதான்.

அடுத்து வந்தது திருப்புளி. மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, திருப்புளியின் நுனியை மோட்டார் மேலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார்களாம், அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கமாம். நான் பெண்டாட்டி என்பதால் சலுகை: கைப்பிடி என் வயிற்றில், நுனி அவர் காதில். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மோட்டார் ஜம்முனு ஓடுது" என்று சர்டிபிகேட் கொடுப்பார். ஒருநாள் சாயங்காலம் வந்தவர், வைத்துக் கேட்டுவிட்டு முகம் வெளுத்தார். "சத்தமே இல்லைம்மா." இத்தனை நாள் அவர் கேட்டது என் குடல் செரிக்கிற சத்தம்தான் என்பதும், அன்றைக்குச் செரிக்க என் வயிற்றில் ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, மதியத்திலிருந்து பிள்ளை ஒரு தடவைகூட உதைக்கவில்லை. அண்ணி, அவருக்கு முன்னால் நானே செருப்பைத் தேடினேன்.

டாக்டரிடம் போக ஓடினோம். நான் பிடிவாதமாக லிஃப்டில் ஏறினேன், அவரும் ஏறினார். இங்கேதான் உங்கள் தம்பியின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். என்றைக்காவது அவருக்குத் தெரியாமல் நான் ஏறிவிட்டால் என்ன ஆவது என்று, துளி அதிர்வு வந்தாலும் நின்றுவிடும்படி முந்தின நாள்தான் லிஃப்டை முடுக்கி வைத்திருக்கிறார். மூன்றாம் மாடி தாண்டியதும் நின்றது. அதிர்வு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அவர் முழங்காலிலிருந்து! நான் பலகையிலிருந்த அவசர எண்ணுக்கு போன் போட்டேன். அவர் சட்டைப்பையில் மணியடித்தது. எடுத்து, "லிஃப்ட் சர்வீஸ், சொல்லுங்க" என்றார், பழக்கதோஷம். "நடுவுல மாட்டிக்கிட்டோம், கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்று நான் சொன்னதும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆள் அனுப்பறேம்மா" என்றார். என் வாயில் வந்ததை எழுதினால் நீங்கள் மாமியார் ஸ்தானம் என்பதை மறந்ததாகிவிடும். ஆத்திரத்தில் அபாய மணியை ஓங்கி அழுத்தினேன். கட்டடமே அதிர்ந்தது. உள்ளேயிருந்து விழுந்தது பாருங்கள் ஒரு உதை! அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி உதை. அவர் அப்படியே லிஃப்ட் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மணிச்சத்தம் கேட்டு வந்த காவலாளிக்கு அவர் உள்ளேயிருந்தே பாடம் நடத்தி, ஒருவழியாக வெளியே வந்தோம். டாக்டரம்மா வயிற்றைச் சோதித்துவிட்டு, பிள்ளை திடமாக இருக்கிறது என்றார். "அசைவு குறைஞ்சா உடனே வாங்க, அதுக்குத்தான் நாங்க இருக்கோம். மத்த நேரம் இந்த அம்மாவைச் சாப்பிட விடுங்க" என்று சொல்லி, அவர் கையோடு கொண்டுவந்திருந்த திருப்புளியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து உங்கள் தம்பி திருந்திவிட்டார். இப்போது நாங்கள் இருவரும் கவலை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற நிலையில் இருக்கிறோம். ஆகவே, சிரமப்பட்டு நீங்கள் வர வேண்டாம்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், வாண்டுகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உங்கள் முட்டிவலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியைச் சகித்து வாழும்,
தம்பி பெண்டாட்டி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிள்ளை காலையில் நன்றாகத்தான் உதைத்தது. ஆனால் அது காலையில். இப்போது மணியை அழுத்தினேன், உதைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் அழுத்தினேன். கீழ்வீட்டுக்காரர் கத்துகிறார். 'பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது' என்ற பலகையை வெளியே மாட்டியது நான்தான் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், எது பழுது என்று தேடி தினமும் லிஃப்டைக் கழற்றி மாட்டுகிறார். அண்ணி, பெட்டியைக் கட்டிக்கொண்டு நாளைக்கே வாருங்கள். முட்டிவலியைப் பார்க்காமல் படியேறி வாருங்கள், லிஃப்டில் நான் இருப்பேன்.