கீழ்த்தட்டு விளக்குத் தேர்வுக் குழு

ட்யூப்லைட்டைத் தேர்ந்தெடுப்பதில் மனித இனம் காட்டிய நிதானத்துக்கு யாராவது வரலாறு எழுதினால், அதன் முதல் அத்தியாயம் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் தொடங்கும். அங்கே நான்தான் தலைவர் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வெயில் எட்டிப் பார்க்காத அந்த அறையில் மூன்று தட்டு இரும்பு அலமாரி வைத்து என் மனைவி செடி வளர்த்தாள். மேல் தட்டுகள் இரண்டுக்கும் விளக்கு உண்டு. கீழ்த்தட்டில் புதிதாகத் தக்காளி நாற்று. அதற்கு வாசல் வழியாக வரும் கூடத்து வெளிச்சம் மட்டும்தான்.

ஒரு சின்ன ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கீழ்த்தட்டுக்கு ரெண்டு ட்யூப் வாங்கி மாட்டிடுங்க. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். நாத்துக்கு நாலு விரல் மேல தொங்கணும். நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

"பரிசீலிக்கிறேன்" என்றேன். கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவன் வேறென்ன சொல்வான்?

"நீங்க பரிசீலிச்சு முடிக்கறதுக்குள்ள நாத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்று சிரித்தாள். லிஃப்ட் வந்தது.

அவள் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் 'சின்னது' என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு சின்னது என்பதைப் பரிசீலிக்க நான் குழு எதுவும் அமைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போன பிறகு அமைத்தேன். உறுப்பினர், என் மைத்துனன். அவளுடைய ஒரே தம்பி. தொழில்நுட்ப ஆலோசகர், தெருவே 'ஃபியூஸ்' என்றழைக்கும் எலக்ட்ரீஷியன். தலைவர் நாற்காலி, வருகிறவர்களைக் கவனிக்க வசதியாக, பின்னறை வாசலைப் பார்த்துப் போடப்பட்டது.

முதல் கூட்டத்தில், வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பினேன்.

"நீல வெள்ளையா, பால் வெள்ளையா?"

"சார், மேல் தட்டுல மேடம் மாட்டினது எரிஞ்சிட்டுதானே இருக்கு? அதையே பாத்து வாங்கிடலாம்" என்றார் ஃபியூஸ்.

"ஏற்கெனவே செஞ்சதையே செய்யறதுக்கு எதுக்கய்யா ஒரு குழு?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

இந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில், நாலு விரல் என்றால் யாருடைய விரல் என்று கேட்டேன்.

"அக்கா விரல்தான், அத்தான். உங்க விரல்னா ரெண்டே போதும்."

அளவுகோல் தற்சமயம் கைவசம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் மைத்துனன் ஒழுங்கு மீறினான்.

"அத்தான், குனிஞ்சு பாருங்க. நாத்து நூலாப் போயிடுச்சு. இன்னும் விட்டா ஒண்ணும் மிஞ்சாது. எதுக்கு இப்படி இழுத்தடிக்கிறீங்க?"

"மனு நிலுவையில இருக்கு."

"கேட்டவளே இல்லையே!"

"மனு நிலுவையில இருக்கற வரைக்கும் கேட்டவங்களும் இருக்காங்கன்னுதான் அர்த்தம். அது ஆபீஸ் வழக்கம்."

ஃபியூஸ் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு ட்யூப்களை எடுத்துவந்தார். முதல் கூட்டத்தன்றே கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தாராம்.

"அளவு?" என்றேன்.

மைத்துனன் தரையில் உட்கார்ந்து, நாற்றுக்கு மேல் நாலு விரலைப் படுக்கவைத்தான். ஒல்லியான, நீண்ட விரல்கள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கை, அத்தான். நீங்க பாத்ததில்லையா?"

தலைவர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. ஃபியூஸ் மாட்டி முடிக்கும்வரை ட்யூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

நாற்று பிழைத்துக்கொண்டது. புது இலைகள் விளக்கைப் பார்த்து நிமிர்ந்துவிட்டன. அடித்தண்டு மட்டும் வாசல் பக்கமே வளைந்து நிற்கிறது, இனி நிமிராதாம். இருட்டு வளைத்துவிட்டது என்கிறான் மைத்துனன், பெருந்தன்மையாக. இருட்டு பாவம், அது எந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கவில்லை.

குழுவைக் கலைத்தாயிற்று. தலைவர் நாற்காலி மட்டும் இன்னும் வாசலைப் பார்த்துத்தான் கிடக்கிறது.