கண்ணேறு காட்டும் கற்றாழை

திருச்சி தில்லை நகரில் அன்று காலை வாகனங்கள் நகரவில்லை. விபத்து ஏதும் நேரவில்லை. இலவச மருத்துவ முகாமும் இல்லை. ஒரு கற்றாழை விற்பனைக்கு வந்திருந்தது, அவ்வளவே. முசிறியிலிருந்து வாழைத்தோட்டக்காரர்கள் பஸ் பிடித்து வந்திருந்தனர். டாக்டரைப் பார்க்க வந்தவர்களுள் சிலர் டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த வரிசையில் சேர்ந்துகொண்டனர்.

இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய அழகுச் செடி அது. உள்ளங்கையில் அடங்கும். தடித்த பச்சை மடல்கள் விண்மீன்போல் விரிந்திருக்கும், மேலே வெண்புள்ளிகள். பிற ஊர் நர்சரிகளில் அதற்கு மேசை அலங்காரம் என்று பெயர். தில்லை நகரிலோ ‘நேத்ரக் கற்றாழை’. விற்பவர் ‘நேத்ர சித்தர்’ வளவனார். சித்தர் அண்மைக்காலம் வரை சிசிடிவி கேமரா விற்றவர். கேமராவுக்கு மின்சாரம் வேண்டும், வாரண்டி வேண்டும். கற்றாழைக்கு இரண்டுமே வேண்டா என்பதை அவர் தமது ஞானத்தால் உணர்ந்தார்.

“வர்றவங்க கண்ல படுற மாதிரி, நல்ல வெளிச்சத்துல தொங்க விடுங்க. பச்சையா இருந்தா வீடு சுத்தம். செவந்தா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். உடனே எங்கிட்ட கொண்டாந்துடுங்க, சாந்தி பண்ணிப் பச்சையாக்கித் தரேன்” என்பது அவருடைய உபதேசம். சாந்திக்குத் தட்சிணை தனி.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலை அடுக்ககமொன்றில் வாழ்ந்த பராசரன், வங்கியில் மேலாளராயிருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்த எவரையும் நம்பாதவர், செடியை நம்பினார். மேற்குப் பார்த்த பால்கனியில் அதைத் தொங்கவிட்டு, வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார். சில வாரங்களில் அது செங்கல்லாய்ச் சிவந்தது. அடுக்ககத்தின் மற்றைப் பால்கனிகளிலும் அவ்வாறே. சித்தரிடம் போனவை பச்சையாய்த் திரும்பின. திரும்பியவை மீண்டும் சிவந்தன.

அடுக்ககம் கலங்கியது. விருந்தினர்க்கு வாசலிலேயே கறுப்புக் கண்ணாடி வழங்கும் முறை வந்தது. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தோர் அனைவரும் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்து, பெண் மாநிறம் என்று ஒருமனதாகத் தீர்மானித்துச் சென்றனர்.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த பீமராவ், பராசரனின் ஒரே நண்பர். மாலைதோறும் அதே பால்கனியில் குறுக்கெழுத்துப் போட்டுச் சண்டையிடுவதே இருவருக்கும் வாழ்க்கை. ராவின் தடித்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் விழிகள் எலுமிச்சம்பழ அளவில் தெரியும். இப்போது அதன்மேல் கறுப்புக் கண்ணாடி வேறு.

“ஸ்வாமி, காப்பி எங்க இருக்கு?”

“கைக்குப் பக்கத்துல, ராவ்ஜி. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அது சட்னி.”

பராசரன் சிரிக்கவில்லை. அன்று சித்தர் நேரில் வந்து, கண்களை மூடிக்கொண்டு அடுக்ககத்தைச் சுற்றி, ராவின் கதவருகே நின்று விரலை நீட்டியிருந்தார். அவ்விரல் நீண்ட மறுநாளே குடியிருப்போர் சங்கம் கூடியது. சித்தரும் அழைக்கப்பட்டார்.

“மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க சார்” என்றார் சங்கச் செயலாளர் மகாலட்சுமி. “நாங்க சொன்னா நீங்க கோச்சுக்கலாம். செடியே சொல்லுது, செடிகிட்ட கோச்சுக்க முடியுமா?”

“செடி சொன்னா காலி பண்றேங்க. ஒரு தடவை ஒழுங்கா கேட்டுட்டுப் பண்றேன்” என்றார் ராவ். “சித்தர் கையால ஒரு பச்சைச் செடி குடுக்கட்டும். பராசரன் பால்கனியில தொங்கட்டும். நான் வையம்பட்டியில என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன். மூணு வாரம் இந்தப் பக்கமே வர மாட்டேன். பச்சையாவே இருந்தா என் கண்ணுதான் தப்பு. அப்புறம், ரெண்டு மடல்ல மட்டும் பராசரன் வீட்டு மாமி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டட்டும்.”

“பொட்டு எதுக்கு?” என்றார் சித்தர்.

“சாமி செடி, பொட்டில்லாம இருக்கலாமாங்க?”

கூட்டம் நெகிழ்ந்தது. சித்தரால் மறுக்க இயலவில்லை. கேமரா விற்ற காலத்திலிருந்தே எப்புகாருக்கும் விடை வைத்திருப்பவராதலால் அஞ்சவும் இல்லை. பராசரனின் துணைவியார் மரகதவல்லி, செடியைத் தொங்கவிட்டு, வெளியே வானம் பார்த்த இரண்டு மடல்களில் பயபக்தியோடு பொட்டு ஒட்டினார்.

அம்மூன்று வாரமும் பராசரன் குறுக்கெழுத்தைத் தொடவில்லை. காலையில் எழுந்ததும் செடியைப் பார்ப்பார். ராவ் ஊரில் இல்லை. செடியோ நாளுக்கு நாள் சிவந்தது. அவர் மனம் முதலில் குழம்பிற்று; பின்னர் கூசிற்று.

குறித்த நாளில் ராவ் திரும்பினார். அடுக்ககமே அந்தப் பால்கனியில் நெருக்கியடித்து நின்றது. செடி நன்றாய்ச் சிவந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்று சித்தர் அசராமல் தொடங்கினார். “இவர் பார்வை வையம்பட்டியிலேர்ந்தே பாயுது. காவேரியையும் தாண்டி வந்திருக்கு.”

கூட்டம் ராவை அச்சத்தோடும், சற்றே மரியாதையோடும் நோக்கியது.

“எனக்கு எதிர்ல வர்ற பஸ்ஸோட நம்பரே தெரியாதுங்க” என்றார் ராவ். “ஸ்வாமி, அந்தப் பொட்டை எடுங்க.”

பராசரன் தயங்கினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், மகாலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒன்றை உரித்தார். சிவந்த மடலில் பொட்டளவுக்கு வட்டமாய்ப் பச்சை. மற்றொன்றை உரித்தார். அங்கும் பச்சை.

“காவேரியைத் தாண்டின பார்வை இந்தப் பொட்டைத் தாண்டலையா?” என்றார் ராவ்.

பராசரன் தொட்டியை மெல்லத் திருப்பினார். வீட்டின் உட்புறம் நோக்கி அடியில் மறைந்திருந்த மடல்கள் யாவும் பச்சையாகவே இருந்தன. வங்கியில் போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கும் நாளில் வரும் குரல் அவருக்கு நெடுநாள் கழித்து வந்தது.

“நாமெல்லாம் உள்ளே உக்காந்துண்டுதானே இதைப் பாக்கறோம்? நம்ம பக்கம் இருக்கற மடல் பச்சையாவே இருக்கு. வெளியில வானத்தைப் பாத்த பக்கம்தான் செவந்திருக்கு. அப்போ கண்ணு போட்டது சூரியன்.”

“அவரையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லுவோமா மேடம்?” என்றார் ராவ்.

மகாலட்சுமி தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “சித்தரே, அப்ப நீங்க பண்ற சாந்தி?”

“அவா கடை மாடியில பச்சை வலை கட்டியிருக்கா” என்றார் மரகதவல்லி. “ரெண்டு தடவை செடி குடுக்கப் போனப்போ பாத்தேன். நிழல்ல வெச்சா பச்சையாறது. அதுக்குத்தான் தட்சிணை வாங்கிண்டிருக்கார்.”

சித்தருக்கு அவசர அழைப்பொன்று வந்தது. மணி ஒலிக்காத கைபேசியைக் காதில் வைத்தபடி படியிறங்கியவர், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

பராசரன் ராவின் கையைப் பற்றினார். “ராவ்ஜி, நான் முன்னாடியே...”

“அது கெடக்கட்டும். காப்பி இந்தத் தடவை வலது பக்கம் வைங்க.”

உண்மை வென்றுவிட்டது என்று இருவரும் நாற்காலியில் சாய்ந்தபோது, கூட்டம் கலையாமல் நிற்பதைப் பராசரன் கவனித்தார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் முன்னே வந்து, மரகதவல்லியின் காதில் பணிவோடு கேட்டார்:

“மாமி, காவேரியத் தாண்டி வந்த கண்ணையே தடுத்திருக்கே. இந்தப் பொட்டு எந்தக் கடையில வாங்கினீங்க?”

வெயிலில் வைத்தால் கற்றாழைகூடச் சில வாரங்களில் மாறிவிடுகிறது. மக்களே, உங்கள் அறிவையும் ஒரு நாளேனும் வெளியே எடுத்து வையுங்கள். பச்சை வலைக்கு அடியிலேயே அது எத்தனை காலம் கிடக்கும்?