சாமி ரூமில் சாம்பல் மூடை

"ஏலே காளிராஜ், அந்தச் சாம்பல் மூடைய எல்லாம் கண்ணுல படாத எடத்துக்குத் தூக்குலே! மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ராஜபாளையம் தாண்டிட்டாகளாம்!"

சேதுபதி போட்ட சத்தத்தில் கொத்தனார் காளிராஜ் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

புது வீட்டுக் கான்கிரீட்டில் கால்வாசி சிமெண்டுக்குப் பதில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலக்கச் சொன்னது சேதுபதியின் மகள் சிவரஞ்சனி. சிவில் இன்ஜினியர்.

"ஃப்ளை ஆஷ்ப்பா. கூடக் கொஞ்ச நாள் தண்ணி ஊத்தி நனைக்கணும், அம்புட்டுத்தான். பொறவு வெடிப்பு விடாது, தண்ணி இறங்காது. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"பேரன் வரணும்னா முதல்ல கல்யாணம் நடக்கணும்லா! சாம்பல்ல வீடு கட்டுத கஞ்சப்பயன்னு திரும்பிப் போயிட்டாகன்னா?"

மாப்பிள்ளை சுந்தரபாண்டியம் ஊர்ப் பையன். லாரி, குடோன் எல்லாம் இருக்கிறதாகத் தரகர் சொல்லியிருந்தார். போட்டோ பார்த்ததிலிருந்து சிவரஞ்சனிக்கும் அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் சேதுபதி இப்படிப் பறந்தார்.

காளிராஜ் மூடைகளை, பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் பழைய வீட்டுச் சாமி ரூமில் அடுக்கினார். அவசரத்தில் ஒன்று வாசல் நிலையில் உரசிக் கிழிந்தது. சாமி படம், குத்துவிளக்கு, சேதுபதியின் மீசை எல்லாம் சாம்பல். துடைக்கத் துணி தேடுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

பையனின் அம்மா மாரிக்கனி நேரே சாமி ரூமுக்குத்தான் வந்தார்.

"கும்பிட்டுட்டு உக்காருவோம்ணே. இது என்ன, மூடை மூடையா?"

"திருநீறு, தங்கச்சி! குலசாமி கொடைக்கு நம்ம உபயம்."

இந்த மனுசன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா என்று காளிராஜ் நினைத்துக்கொண்டார்.

மாரிக்கனி ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எம்புட்டு நைசு! எங்கண்ணே வாங்குனிய?"

"பழ... பழனியில."

"அதானே பாத்தேன்."

நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டார். மகன் முத்துக்குமரனுக்கும் பூசிவிட்டார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"எங்க ஊர்க் கோயிலுக்கும் ரெண்டு மூடை குடுங்கண்ணே, ஊரே பூசட்டும்."

சுந்தரபாண்டியமே ஃப்ளை ஆஷ் நெற்றியோடு அலைவதை நினைத்துப் பார்த்த சேதுபதி மூடைகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நேந்துக்கிட்டது தங்கச்சி, வெளிய குடுக்கப்படாது!"

"அப்ப ஒரு துளி வாயிலயாவது போட்டுக்கிடுதேன்."

விரல் வாய்க்குப் போனது.

"ஐயோ, வேண்டாம் தாயி! அது சாம்பல்! கான்கிரீட்டுக்குக் கலக்குத சாம்பல்! பொய் சொன்னது நான்தான். எம்மக மேல ஒரு தப்பும் இல்ல. வீடு நல்லா நிக்கணும்னுதான் அவ கலக்கச் சொன்னா. நான்தான் வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சேன்."

காபித் தட்டோடு வந்த சிவரஞ்சனி அப்படியே நின்றுவிட்டாள். மாரிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா கோபமா என்று சேதுபதிக்குப் பிடிபடவில்லை. சம்பந்தம் போச்சு என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

அப்போது பழத்தட்டோடு உள்ளே வந்தான் வேன் டிரைவர் பாண்டிச்செல்வம். மாரிக்கனியின் நெற்றியைப் பார்த்தான். மூடைகளைப் பார்த்தான்.

"ஏன் முதலாளியம்மா, இது போன வாரம் நம்ம குடோன்ல இருந்து நான் ஏத்திவிட்ட மூடைல்லா? இத்தனை வருசமா இந்தச் சாம்பல வித்திய, இன்னிக்கு என்ன பூசிக்கிட்டு நிக்கிய?"